வளர்வது வேறு, வேடம் போடுவது வேறு

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், ரயில்வே எழுத்தரும் சங்கச் செயற்குழு உறுப்பினருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு மாறாமல் தரப்படுகிறது.)

   

இந்த மாதம் சங்கம் தந்திருக்கும் தலைப்பு 'தன்னை இழக்காமல் வளர்வது எப்படி?' என்பது. இதைக் கேட்டதும், 'இது சாமியார்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, தொழிலாளர் கூட்டத்தில் எதற்கு?' என்று சிலர் நினைக்கலாம். மும்பைக்குப் பிழைக்க வந்த நம் குடும்பங்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. பள்ளிக்கூட விண்ணப்பம் நிரப்பும்போது, வேலைக்கு நேர்காணலில் உட்காரும்போது, வாடகைக்கு வீடு தேடும்போது, பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது, ஒவ்வோர் இடத்திலும் 'நீ யார்? எங்கிருந்து வருகிறாய்?' என்ற கேள்வி நம் முன்னால் வந்து நிற்கிறது. அதற்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் நாம் வளர்ந்தோமா, வேறு ஆளாக வேடம் போட்டுக்கொண்டோமா என்பது தெரியும்.

நம் தாத்தாக்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தார்கள். தாராவியின் தோல் கிடங்குகளில் நின்றார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள். ரயில் பாதையில் கடப்பாரை பிடித்தார்கள். பாட்டிமார்கள் விடியற்காலையில் இட்லிக் கொப்பரை ஏற்றினார்கள், முறுக்குப் பிழிந்தார்கள். அடுத்த தலைமுறை பத்தாம் வகுப்பு வரை எட்டிப் பார்த்தது. இன்றைய தலைமுறை கல்லூரிக்குப் போகிறது, கணினியில் வேலை பார்க்கிறது. இந்த வளர்ச்சி யாரும் இனாமாகத் தந்ததல்ல. மூன்று தலைமுறையின் வேர்வை. அதனால் வளர்ச்சியை நாம் சந்தேகத்தோடு பார்க்கவில்லை. பிள்ளைகள் இன்னும் மேலே போக வேண்டும் என்பதுதான் சங்கத்தின் ஆசை.

ஆனால் ஒரு காட்சியை எல்லோரும் பார்க்கிறோம். வீடு எங்கே என்று கேட்டால் நம் பிள்ளைகள் சிலர் தாராவி என்று சொல்வதில்லை. சயான் என்கிறார்கள், மாட்டுங்கா என்கிறார்கள், மாஹிம் என்கிறார்கள். உடன் படிக்கும் சிநேகிதியை வீட்டுக்கு அழைத்து வரக் கூசுகிறார்கள். பஸ்ஸில் அம்மா தமிழில் உரக்கப் பேசினால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. தாராவி என்று சொன்ன மாத்திரத்தில் நேர்காணல் நடத்துகிறவரின் முகம் மாறுவதைப் பார்த்த பிள்ளை அது. 1966இல் சிவசேனை தொடங்கிய பிறகு சில ஆண்டுகள் இந்த நகரத்தில் தென்னிந்தியருக்கு எதிராக இயக்கம் நடந்தது. நம்மவர் கட்டும் லுங்கிகூட கேலிக்கும் கோஷத்துக்கும் பொருளானது. அந்த நாட்களில் பயந்து பேசாமலிருந்த பெரியவர்கள் உண்டு. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. ஒரு மனிதன் தன்னை மறைத்துக்கொண்டுதான் வாழ முடியும் என்ற நிலை இருந்தால், முதல் குற்றவாளி அவனை மறைக்க வைத்தவன்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

குடும்பப் பெயர் என்ன?

ஒரு சிறிய விஷயத்திலிருந்து தொடங்கலாம். இங்கே எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் முதல் கட்டத்தில் 'ஆட்நாவ்' என்று கேட்கிறான். குடும்பப் பெயர். நமக்கு அது கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு நம் பெயர். அவ்வளவுதான்.

ஏன் கிடையாது? ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் பெயருக்குப் பின்னால் சாதி வால் இருந்தது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகு ஊர் ஊராக, வீடு வீடாக, மக்கள் அந்த வாலை அறுத்தார்கள். ஆகவே நம் பெயருக்குப் பின்னால் உள்ள வெற்றிடம் ஒரு குறை கிடையாது. நம் முன்னோர் முயன்று பெற்ற இடம்.

இங்கே வந்ததும் அந்த வெற்றிடம் நமக்குச் சங்கடமாகிவிடுகிறது. பள்ளிக்கூட வாசலில் விண்ணப்பம் நிரப்பித் தருகிற ஆள் கேட்கிறார்: 'மதராஸிதானே? ஐயர் என்று போடவா, பிள்ளை என்று போடவா?' காலில் விழாத குறையாகச் சேர்க்கை கேட்டு நிற்கும் தகப்பன், எதையாவது போடுங்கள் என்கிறார். அன்றைக்கு ஒரு பொய் அந்தப் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் ஒரு பெயர். 2024இல் தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கியபோது, ஆவணங்களில் பெயர் ஒரே மாதிரி இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நம் வீதிகளில் எல்லோருக்கும் புரிந்தது.

காகிதச் சிக்கலை எப்படியோ தீர்த்துவிடலாம். மனச் சிக்கல் இருக்கிறதே, அது ஆழமானது. தன்னுடையதல்லாத ஒரு பட்டத்தைச் சுமக்கும் பிள்ளை, 'நீங்கள் எந்தப் பக்கம்?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று எப்போதும் உஷாராக இருக்க வேண்டும். படிப்பிலும் வேலையிலும் செலவாக வேண்டிய புத்தி, பொய்யைக் காப்பாற்றுவதில் செலவாகிறது. வேடம் போடுகிறவன் வளர முடியாததற்கு முதல் காரணம் இதுதான். வேடத்துக்குக் காவல் இருக்கவே அவனுக்குப் பொழுது போதவில்லை.

சங்கத்தின் யோசனை எளிமையானது. ஆட்நாவ் என்ற கட்டத்தில் தகப்பன் பெயரைப் போடுங்கள். அல்லது தாயின் பெயரைப் போடுங்கள். எதைப் போட்டாலும் எல்லா ஆவணத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஏன் என்று கேட்டால், 'எங்கள் ஊரில் சாதிப் பட்டத்தை விட்டுவிட்டோம்' என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

பகிரங்கமாக மாறியவர்

'அப்படியானால் மனிதன் மாறவே கூடாதா? பிறந்தபடியே இருந்துவிட வேண்டுமா?' என்று இளைஞர்கள் கேட்பது காதில் விழுகிறது. நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நாம் தினமும் ரயிலில் கடந்து போகிற பரேலிலேயே பதில் இருக்கிறது.

பரேலில் பி.ஐ.டி. சால் என்று தொழிலாளர் குடியிருப்பு. அதில் இரண்டு சிறிய அறைகளில் டாக்டர் அம்பேத்கர் குடும்பத்தோடு இருந்தார். அமெரிக்காவில் படித்தார், இலண்டனில் படித்தார், பொருளாதாரத்தில் பெரிய பட்டங்கள் வாங்கினார், பாரிஸ்டர் ஆனார். அத்தனைக்கும் பிறகு அதே சாலுக்குத்தான் திரும்பி வந்தார். 1930களில் தாதரில் 'ராஜகிருகம்' என்ற வீட்டைக் கட்டிக்கொண்டு போகும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவருடைய முகவரி தொழிலாளர் முகவரிதான். தாதர் வீட்டையும் புத்தகங்களை வைக்க இடம் வேண்டும் என்றே கட்டினார்.

1938 பிப்ரவரியில், மன்மாட் நகரில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் அவர் பேசினார். ரயில்வேயில் இருக்கும் நாங்கள் மறக்கக் கூடாத பேச்சு அது. தாழ்த்தப்பட்ட தொழிலாளி ஏன் கேங்மேனாகவே இருந்து கேங்மேனாகவே சாகிறான் என்று அங்கே விளக்கினார். போர்ட்டர் வேலைகூட அவனுக்குக் கிடைப்பதில்லை. ஏனென்றால் போர்ட்டர் என்பவன் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டியிருந்தது, தீண்டத்தகாதவனை அவர் வீட்டுக்குள் விடமாட்டார். இதைச் சொல்லிவிட்டு, தொழிலாளிக்கு எதிரிகள் இரண்டு, முதலாளித்துவமும் பார்ப்பனியமும் என்றார். பார்ப்பனியம் என்று தாம் சொல்வது சமத்துவத்தையும் சகோதரத்துவத்தையும் மறுக்கும் மனப்பான்மையை. அது எல்லாச் சாதிக்குள்ளும் புகுந்திருக்கிறது என்றும் தெளிவாக்கினார். உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களைப் பார்த்த மனிதருக்குக் கேங்மேனின் கஷ்டம் மறக்கவில்லை. அந்தப் படிப்பு அவருக்குக் கேங்மேனின் கஷ்டத்தை இன்னும் துல்லியமாகச் சொல்லும் சக்தியைத் தந்தது.

அவர் மாறவில்லையா? மாறினார். பெரிய மாற்றம் மாறினார். 1935இல் யேவலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அறிவித்தார். அதற்குப் பிறகு 21 ஆண்டுகள் படித்தார், விவாதித்தார், யோசித்தார். 1956 அக்டோபர் 14ஆம் தேதி நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தத்தை ஏற்றார். அந்த மதம் நமக்கு வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. இங்கே பார்க்க வேண்டியது மாறிய விதம். காரணம் சொல்லி மாறினார். கூட்டத்தின் நடுவில் நின்று மாறினார். தன்னோடு இருந்தவர்களை விட்டு ஓடாமல் அவர்களையும் அழைத்துக்கொண்டு மாறினார்.

தோழர்களே, மாற்றத்துக்கும் வேடத்துக்கும் உள்ள வித்தியாசம் இதில் அடங்கிவிடுகிறது. மாற்றத்தைப் பட்டப்பகலில், நாலு பேர் அறியச் செய்யலாம். வேடத்துக்கு இருட்டு வேண்டும். நீங்கள் செய்யப்போகிற ஒரு மாற்றத்தை உங்கள் தாயிடமும், பழைய சிநேகிதரிடமும், புதிய அலுவலகத்திலும் ஒரே வார்த்தையில் சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் அது வளர்ச்சி. ஓர் இடத்தில் சொல்லவும் இன்னோர் இடத்தில் மறைக்கவும் வேண்டியிருந்தால், சற்று நின்று யோசியுங்கள்.

கையில் வந்த பேனா

இன்னொருவர் கதை சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை அனுபவிக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் 1848இல் தாணேயில் பிறந்தார். மகாத்மா ஜோதிராவ் பூலேயின் வழி வந்தவர். ரயில்வேயிலும் தபால் துறையிலும் வேலை பார்த்தார். பிறகு பஞ்சாலையில் ஸ்டோர் கீப்பர் ஆனார். அந்தக் காலத்தில் அது மரியாதையான உத்தியோகம். நிர்வாகத்தின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு ஆலைத் தொழிலாளிக்கு வார விடுமுறை கிடையாது; வெளிச்சம் இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம். 1884இல் லோகாண்டே தொழிலாளர் கூட்டம் கூட்டினார். ஞாயிறு விடுமுறை, நண்பகலில் அரைமணி ஓய்வு, மாதச் சம்பளம் குறித்த தேதிக்குள், வேலையில் அடிபட்டால் ஊதியம் என்று கோரிக்கை எழுதி, 5,500 தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்கினார். 1890இல் 10,000 பேர் கூடிய கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளர்கள் மேடையேறிப் பேசினார்கள். அந்த ஆண்டுதான் மும்பை ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு மனிதர், தமக்குக் கிடைத்த எழுத்தை எழுதத் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களுக்காகச் செலவிட்டார். இதைவிடத் 'தன்னை இழக்காமல் வளர்வது' என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

எங்கள் ரயில்வேயில் இன்றும் அதே சோதனை நடக்கிறது. கலாசியாகவோ கேங்மேனாகவோ சேர்ந்தவர், இலாகாத் தேர்வு எழுதிக் கிளார்க் ஆகலாம். பத்தாம் வகுப்போடு நின்றவர்கள், இரவு டூட்டி முடித்துத் தூக்கத்தைத் தியாகம் செய்து படித்துத் தேறுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த ஆறாவது மாதத்தில், நேற்றுவரை தோளோடு தோள் நின்று தண்டவாளம் தூக்கிய தோழரை 'நாளை வா' என்று விரட்டுகிறவர்களும் உண்டு. இப்போது பாஸ் வாங்குவதும் பி.எஃப். முன்பணம் கேட்பதும் கணினி வழியாக ஆகிவிட்டது. ஆங்கிலமும் இந்தியும் சரளமாக வராத டிராக் ஊழியர் அந்தத் திரையைப் பார்த்து மலைத்து நிற்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் காட்டிக்கொடுத்தால் போதும். அந்த ஐந்து நிமிஷத்தைத் தருகிறவர் வளர்ந்தவர். தர மறுக்கிறவருக்குக் கூடியது சம்பளம் மட்டும்.

1974இல் மே 8 முதல் 27 வரை நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. அந்த நாட்களைப் பற்றி மூத்த தோழர்கள் சொல்லும்போது, யார் பெரிய பதவியில் இருந்தார் என்று சொல்வதில்லை. வேலை போய், குவார்ட்டர்ஸ் போய், குழந்தை குட்டிகளோடு வீதியில் நின்ற வீட்டுக்கு யார் அரிசி கொண்டுவந்து கொடுத்தார் என்பதைத்தான் சொல்கிறார்கள். ஐம்பது ஆண்டு கழித்தும் மறக்காத கணக்கு அது.

'நாங்கள் இப்படித்தான்' என்ற சாக்கு

மறைத்துக்கொண்டு ஏறுகிறவர்களைப் பற்றி மட்டும் பேசினால் பாதி உண்மைதான் ஆகும். இன்னொரு வகையினரும் நம்மிடையே இருக்கிறார்கள். 'நாங்கள் தமிழர்கள், எங்கள் வழக்கம் இதுதான், நாங்கள் நாங்களாக இருக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டு ஓர் அடிகூட நகராதவர்கள். உண்மையாக இருப்பது என்றால் உறைந்து போவது என்று நினைக்கிறார்கள்.

முப்பது வருஷம் இந்த நகரத்தில் இருந்தும் மராத்தியில் நாலு வார்த்தை பேச மறுப்பது தமிழ்ப் பற்றா? தமிழுக்கு 2004இல் செம்மொழித் தகுதி கிடைத்தபோது மகிழ்ந்தோம். மராத்திக்கு 2024இல் அதே தகுதி கிடைத்தது. அதையும் மதிப்போம். லோகாண்டே யாருக்காகப் போராடினார், பூலே என்ன எழுதினார் என்பதைப் படிக்க மராத்தி வேண்டும். ரேஷன் கடையிலும் போலீஸ் சௌக்கியிலும் நகராட்சி வார்டு அலுவலகத்திலும் நம் உரிமையை நாமே கேட்க மராத்தி வேண்டும். 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி மகாராஷ்டிரப் பள்ளிகள் எல்லாவற்றிலும் மராத்தி கட்டாயப் பாடம். பிள்ளைகள் படித்துவிடுவார்கள், பெரியவர்கள்தான் பின்தங்கி நிற்கிறோம். ஒரு மொழியைக் கூடுதலாகக் கற்றவனிடமிருந்து தாய்மொழியை யாரும் பிடுங்கிக்கொள்வதில்லை. நாமாகக் கைவிட்டால்தான் அது போகும்.

அதே மூச்சில் மறுபக்கமும் சொல்கிறோம். தொடக்கப் பள்ளியில் சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்க வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு சொல்கிறது. 1956இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. மும்பை மாநகராட்சி நடத்தும் பள்ளிகளில் தமிழ் வழிப் பள்ளிகளும் உண்டு. ஆங்கில வழியில் பிள்ளையைச் சேர்த்தவர் தமிழரல்ல என்று சங்கம் ஒருநாளும் சொல்லாது. வயிற்றுப் பிழைப்பும் எதிர்காலமும் தெரிந்துதான் சேர்க்கிறீர்கள். ஆனால் எந்த வழியில் படித்தாலும், பாட்டி ஊரிலிருந்து அனுப்பும் ஒரு சேதியைத் தானே வாசிக்கும் அளவுக்காவது பிள்ளைக்குத் தமிழ் தெரிய வேண்டாமா?

அடுத்தது சாதி. ஊரிலிருந்து நாம் சுமந்து வந்த மூட்டையில் நல்லதும் இருந்தது, நஞ்சும் இருந்தது. தாராவியில் ஒரே சந்தில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, 'அவர்கள் அந்த ஊர்த் தெரு ஆட்கள்' என்று ஒதுக்குகிற பேச்சு இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. ஆபீசில் மதராஸி என்று இழிவு படுத்தினால் கொதிக்கிறோம். வீட்டுக்கு வந்து அதே இழிவைப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்கிறோம். இதை 'எங்கள் வழக்கம்' என்று காப்பாற்றுவது தனக்கு உண்மையாக இருப்பது ஆகாது. நம்மை அழுத்தியவனுக்கு உண்மையாக இருப்பதுதான் அது.

மூன்றாவது, பெண்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இட்லி வேகவைத்து, பிள்ளைகளை அனுப்பி, கூலி வேலைக்கும் போய், இரவில் பாத்திரம் கழுவிப் படுக்கும் தாயிடம், 'நீ வளர வேண்டாமா?' என்று எந்த வீட்டில் கேட்டோம்? மகளுக்குக் கல்லூரி என்றதும் 'நம் குடும்பத்தில் வழக்கமில்லை' என்கிறோம். மகனுக்கு அந்த வழக்கம் குறுக்கே வருவதில்லை. 1890இலேயே இந்த நகரத்தில் ஆலைப் பெண்கள் மேடையேறிப் பேசிவிட்டார்கள் என்று இப்போதுதான் கேட்டோம். நம் சங்க மேடையில் இன்று எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

'இனி என்ன வளர்வது, வயதாகிவிட்டது' என்று சொல்லும் அண்ணாச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. சிங்காரவேலர் 1860இல் சென்னையின் மீனவக் குடும்பத்தில் பிறந்தார். வழக்கறிஞராகி வசதியாக இருந்தவர். இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடி 1923இல் சென்னைக் கடற்கரையில் அவர் செங்கொடி ஏற்றியபோது வயது 63. 1928இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகக் கைது செய்யப்பட்டுச் சிறை சென்றபோது வயது 68. அறுபதுக்கு மேல் அவரிடம் புதிதாக முளைத்தது புத்தியும் துணிச்சலும். நம்மில் பலருக்கு ஐம்பதிலேயே பஞ்சாயத்துப் பேசவும் பழம்பெருமை பேசவும்தான் நேரம் இருக்கிறது.

சான்றிதழும் சத்தியமும்

இப்போது மிகக் கசப்பான விஷயத்துக்கு வருகிறோம். நம் குடும்பங்கள் பலவற்றைச் சுடுகிற விஷயம்.

மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டால், குடும்பம் 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே இங்கே வசித்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். பிற்பட்ட வகுப்பினருக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. பிறகு வந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தாலும், மாநில அரசின் இடங்களுக்கு அந்த உரிமை இல்லை. ஆந்திரத்திலிருந்து மும்பைக்கு வந்த குடும்பத்தின் மாணவர் ஒருவர் மருத்துவக் கல்லூரி இடம் கேட்டுத் தொடுத்த வழக்கில், 1990இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அப்படித்தான் தீர்ப்பளித்தது. 2018இல் இன்னொரு ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. திருநெல்வேலியில் ரயில் ஏறித் தாதரில் இறங்கினால் சாதி இழிவு இறங்கிவிடுகிறதா? இல்லை. அது நம்மோடு பிளாட்பாரத்தில் நடந்து வருகிறது. உரிமை மட்டும் ஊரிலேயே தங்கிவிடுகிறது!

இந்தக் கோபத்தில், தரகரிடம் பணம் கொடுத்து வேறு தாத்தாவையும் வேறு சாதியையும் வாங்கலாமே என்று நினைக்கிற குடும்பங்கள் உண்டு. வேண்டாம் தோழர்களே. 2000ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டப்படி, சான்றிதழ் பொய் என்று சரிபார்ப்புக் குழு கண்டால் படிப்பும் போகும், வேலையும் போகும், வழக்கும் வரும். எத்தனை ஆண்டு சர்வீஸ் ஆகியிருந்தாலும் அந்தப் பலனை வைத்துக்கொள்ள முடியாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது மட்டுமல்ல. அந்த இடம் இங்குள்ள இன்னொரு ஏழைப் பிள்ளையின் இடம். ஏழையிடமிருந்து எடுத்து ஏழை வளர்வது வளர்ச்சியா?

மத்திய அரசு வேலைகளுக்கு நம் ஊர்ச் சான்றிதழ் செல்லும். தகப்பனின் சொந்த ஊர்த் தாலுகாவில் முறையாக வாங்குங்கள். மாநில இடங்களுக்கான உரிமைக்குச் சட்டத்தை மாற்றக் கேட்போம். இங்கேயுள்ள தாழ்த்தப்பட்ட மக்களின் பங்கில் கை வைக்காமல் வழி காணச் சொல்லி, அவர்களோடு சேர்ந்தே கேட்போம். ஒருவர் ரகசியமாகப் பொய் சொல்லித் தப்பித்தால் ஒரு குடும்பம் தப்பிக்கும், அதுவும் பயத்தோடு. ஆயிரம் பேர் பகிரங்கமாக உண்மையைச் சொன்னால்தான் அது கோரிக்கையாகும்.

செய்ய வேண்டியவை

பேசிவிட்டுப் போனால் பயனில்லை. செயற்குழு நான்கு வேலைகளை முன்வைக்கிறது. உங்கள் ஒப்புதல் வேண்டும்.

ஒன்று, ஞாயிறுதோறும் மாலையில் பெரியவர்களுக்கு மராத்தி வகுப்பு, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. இரண்டும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில். தாயும் மகளும் ஒன்றாக வந்து ஒன்றாகத் திரும்பட்டும்.

இரண்டு, இலாகாத் தேர்வு எழுதும் தோழர்களுக்குக் கூட்டுப் படிப்பு. தேறுகிறவர் ஒரு வாக்குறுதி தர வேண்டும்: அடுத்த ஆண்டு வகுப்பில் அவர் கற்றுக்கொடுக்க வேண்டும். ஏறியவர் ஏணியை இழுத்துக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மூன்று, பெயரும் ஆவணமும் சரிபார்க்கும் முகாம். ரேஷன் அட்டை, ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றையும் கொண்டு வாருங்கள். பெயர் மாறியிருந்தால் திருத்த மனு எழுதித் தருகிறோம். கட்டணம் கிடையாது.

நான்கு, அடுத்த பொதுக்குழுவில் செயற்குழுவின் பாதி இடங்கள் பெண்களுக்கு. அக்காமார்களே, இது உபசார வார்த்தை என்று நினைக்க வேண்டாம். பெயர் கொடுங்கள்.

இளைஞர்களுக்கு இறுதியாக ஒன்று. பெரிய வேலைக்குப் போங்கள். நல்ல உடை உடுத்துங்கள். ஆங்கிலம், இந்தி, மராத்தி மூன்றையும் அழகாகப் பேசுங்கள். தாராவியைவிட்டு வசதியான வீட்டுக்குக் குடிபோக முடிந்தால் போங்கள். காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு வேண்டும் என்பதுதானே நம் எல்லோருடைய போராட்டமும். உங்களுக்குப் பிடிக்காத பழைய வழக்கத்தை, பெரியவர்களின் முகத்துக்கு நேரே காரணம் சொல்லி விட்டுவிடுங்கள். கோபப்படுவோம், பிறகு யோசிப்போம். யாராவது 'எங்கிருந்து வருகிறாய்?' என்று கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். அந்த உண்மையைச் சொல்லியும் உங்களுக்கு வேலை தரும் நாட்டை உண்டாக்குவது உங்கள் ஒருவரின் பொறுப்பு அல்ல. அது இந்தச் சங்கத்தின் பொறுப்பு, நம் எல்லோருடைய பொறுப்பு. அதற்குத்தான் கூடியிருக்கிறோம்.